விற்கப்போகும் கத்தியில் வெங்காயம் நறுக்கலாமா?

தலைப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எங்கள் குடும்பத்தில் மூன்று வாரமாக இதுதான் பேச்சு. பாரீஸிலிருந்து ஒரு கட்சி, புதுச்சேரியிலிருந்து ஒரு கட்சி, நடுவில் நான். ஒரு சமையல் கத்திக்கு இவ்வளவு பேச்சா என்று முதலில் எனக்கும் தோன்றியது. பேசப் பேசத்தான், கத்தியை விட்டு வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்தது. நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டிலும் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் பரணிலோ பீரோவிலோ கிடக்கும். அதனால் என் அபிப்பிராயத்தை எழுதி வைக்கிறேன்.

முதலில் விவரம். என் அக்காவுக்கு வயது 81. கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளை பாரீஸுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறான். இனிமேல் அம்மா தனியாக இருக்க வேண்டாம் என்று அழைத்துக்கொள்ளப் போகிறான். வீட்டைக் காலி செய்ய வேண்டும். தேக்கு மேசை, பிரம்பு நாற்காலி, சாப்பாட்டுத் தட்டுகள், குசினிச் சாமான்கள் எல்லாவற்றையும் விற்று வருகிற பணம் முழுவதையும், 32 வருடமாக அந்த வீட்டில் வேலை செய்கிற அம்மாளுக்குக் கொடுத்துவிடுவது என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். இந்த விவரத்தை வாசகர்கள் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

அக்காவின் மாமனார் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு நம் ஊரில் இருக்கும் பெயர் அதுதான். வெளியூர்க்காரர்களுக்குத்தான் விளக்க வேண்டும். அவர் சைகோனில் பட்டாளத்துக் குசினியில் வேலை பார்த்தார். இந்தோசீனப் போர் 1954-இல் முடிந்து, பிரெஞ்சுப் படைகள் 1956-இல் சைகோனை விட்டே கிளம்பின. இவர் அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டார். வரும்போது பெட்டியில் இரண்டு கத்திகள் இருந்தன. இரண்டும் ஒரே மாதிரி, ஒரே அளவு. அலகு மட்டும் 25 சென்டிமீட்டர். கருப்புப் பிடி, மூன்று ஆணி. ஒன்று அவர் அங்கே தினமும் பிடித்து வேலை செய்தது. மற்றொன்று, காத்தினா தெருக் கடையில் வாங்கி எண்ணெய்த் தாளில் சுற்றியபடியே கொண்டுவந்தது. ஊருக்கு வந்து ஒரு சாப்பாட்டுக் கடை திறப்பது, திறக்கிற அன்று புதுக் கத்தியை எடுப்பது என்பது அவர் எண்ணம்.

கடை திறக்கவில்லை. பென்ஷன் வந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், வீட்டில் பழைய கத்தியே போதுமாக இருந்தது. புதுக் கத்தி எண்ணெய்த் தாளிலேயே இருந்தது. வருடம் ஒரு முறை எடுத்துத் துடைத்து எண்ணெய் தடவி மறுபடியும் சுற்றி வைப்பார். அவருக்குப் பிறகு அவர் பிள்ளை அதையே செய்தார். அவருக்குப் பிறகு அக்கா. ஆக எழுபது வருடமாக அந்தக் கத்தி ஒரு கீரைத்தண்டைக்கூட வெட்டியதில்லை.

சாமான் பார்க்க வந்த பழம்பொருள் வியாபாரி மேசையைத் தட்டிப் பார்த்தார், நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். எண்ணெய்த் தாளைப் பிரித்ததும் மட்டும் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். எட்டாயிரம் தருவதாகச் சொன்னார். “உபயோகப்படுத்தாமல் இருந்தால்தான் இந்த விலை. பழசுக்கு ஐந்நூறு, அதுவும் உங்களுக்காக” என்றார்.

அன்று ராத்திரி அக்கா போனில் சொன்னார்: “விக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அதால சமைக்கணும் தம்பி. ஒரு ரகு வெச்சு, வெங்காயம், கறி எல்லாம் அந்தக் கத்தியாலேயே நறுக்கி, எல்லாரும் உக்காந்து சாப்பிட்டுட்டுக் குடுத்துடலாம். அவர் ஆசைப்பட்டு வாங்கினது. ஒரு வெட்டு கூட வெட்டாம வேத்து மனுஷன் கையில போறதா?”

பாரீஸிலிருந்து பிள்ளை சொன்னான்: “தொடாதீங்கம்மா. வெலை போயிடும்.” பிறகு எனக்குத் தனியாகப் பேசினான்: “மாமா, அதை விக்கவே வேணாம். தாத்தா ஞாபகமா நான் வெச்சுக்கறேன். அந்தப் பழைய கத்தியைத் தூக்கிப் போட்டுடுங்க.”

இதற்கு நடுவே இன்னொரு உறவினர் ஒரு யோசனை சொன்னார்: “ஒரு தடவைதானே? நறுக்கிட்டுக் கழுவித் துடைச்சு எண்ணெயைப் போட்டு அதே தாளில் சுத்திடுங்க. எவனுக்குத் தெரியும்?”

மூன்று பேர், மூன்று யோசனை. கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் சுலபம்.

அது பொய். உபயோகித்ததை உபயோகிக்காதது என்று விற்பது பொய் என்பதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பொய் நிற்கவும் நிற்காது. இந்தக் காலத்து எவர்சில்வர் கத்தி இல்லை அது, கார்பன் எஃகு. துரு ஏறாத எஃகு வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆனாலும், சமையற்கட்டுக்கு அது பரவலாக வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அதற்கு முன் நம் அரிவாள்மனையும் சரி, வெள்ளைக்காரன் கத்தியும் சரி, கார்பன் எஃகுதான். வெங்காயத்தை வெட்டினால் அலகில் நீலமும் சாம்பலுமாக ஒரு நிறம் ஏறும். எலுமிச்சை, தக்காளி, மாங்காய், புளி பட்டால் நிமிடங்களில் கறுக்கும். நம் பாட்டிமார்கள் அரிவாள்மனையில் மாங்காய் நறுக்கியதும் உடனே துடைத்தது இதனால்தான். ஏறிய நிறத்தைத் தேய்த்து எடுக்கலாம். ஆனால் தேய்த்தால் பட்டறையில் கொடுத்த மெருகும் சேர்ந்து போகும். விஷயம் தெரிந்தவன் வெளிச்சத்தில் ஒரு முறை சாய்த்துப் பார்த்தால் போதும். எனவே இந்தக் கத்தியில் “ஒரே ஒரு தடவை” என்பது கிடையாது. தொட்டது, தொடாதது என்று இரண்டே நிலைதான்.

இப்போது வியாபாரி ஏன் நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்ற முறையில் அலகில் இருந்த எழுத்துகளை எனக்குத்தான் படித்துக் காட்டச் சொன்னார்கள். (வகுப்பில் கத்திக்குக் ‘கூத்தோ’ என்று சொல்லிக் கொடுத்தபோது, “குத்தோ, குத்து” என்று நாங்கள் கும்மாளம் போட்டது நினைவுக்கு வந்தது.) சபத்தியே என்று இருந்தது. அது ஒரே கம்பெனியின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. பிரான்ஸின் நடுப்பகுதியில் ஓவெர்ன் பிரதேசத்தில் தியேர் என்றொரு ஊர் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாகக் கத்தி செய்வதே அந்த ஊரின் தொழில். நமக்குக் கும்பகோணம் என்றால் பாத்திரம் போல, பிரெஞ்சுக்காரனுக்குத் தியேர் என்றால் கத்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே புழக்கத்துக்கு வந்த பெயர் சபத்தியே. பிற்பாடு பல பட்டறைகள் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டன. அதனால் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு அடையாளம் சேர்த்தார்கள்: ஒருவர் சிங்கம், ஒருவர் யானையும் நான்கு நட்சத்திரமும், ஒருவர் வெறும் ‘கே’ எழுத்து. சேகரிப்பவர்கள் பெயரைக் காட்டிலும் இந்த அடையாளத்தைத்தான் தேடுகிறார்கள்.

அந்த ஊரின் கதை எனக்குப் பிடித்தமானது. தியேரில் துரோல் என்ற ஒரு சிறு ஆறு ஓடுகிறது. அந்தத் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் சாணைக்கல்லைச் சுழற்றும். சாணை பிடிப்பவர்கள் உட்கார்ந்து வேலை செய்யவில்லை. கல்லுக்கு மேலே ஒரு பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கைகளைக் கீழே நீட்டி அலகைக் கல்லில் வைத்து அழுத்துவார்கள். நாள் முழுவதும் அப்படித்தான். ஈரமும் குளிரும் தாங்க, கால்மேல் ஒரு நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்கள். கல்லிலிருந்து தெறிக்கும் மஞ்சள் சேறு வயிற்றில் அப்பிக்கொள்ளும். அதனால் அவர்களுக்கு ‘மஞ்சள் வயிறர்கள்’ என்றே பெயர். காய்ச்சி அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர் என்று ஒரு கத்தி பல கை மாறித்தான் முடியும். பின்னாளில் மின்சாரம் வந்து ஆற்றுச் சக்கரங்கள் நின்றன.

இவ்வளவு பேர் குப்புறப் படுத்துச் செய்தது வெட்டுவதற்காகத்தானே, எண்ணெய்த் தாளில் தூங்குவதற்காகவா என்று அக்கா கேட்டால், அதற்கு எளிதில் பதில் சொல்ல முடியாது. நம் வழக்கமும் அக்கா பக்கம்தான் நிற்கிறது. ஆயுத பூஜையன்று அரிவாள்மனை, கத்தி, சுத்தியல், தையல் மிஷின், சைக்கிள் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, அன்று அவற்றைத் தொடாமல் வைக்கிறோம். மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து வேலையைத் தொடங்கிவிடுகிறோம். வருடத்தில் ஒரு நாள்தான் ஆயுதத்துக்கு ஓய்வு. மிச்ச 364 நாளும் வேலை செய்வதால்தான் அந்த ஒரு நாள் மரியாதை. எழுபது வருடம் ஓய்விலேயே இருந்த கத்திக்கு ஆயுத பூஜை ஏது?

அலுவலகத்தில் 34 வருடம் எழுத்தராக இருந்த எனக்கு, உபயோகிக்காத சாமான்களைப் பற்றி இன்னொரு அனுபவமும் உண்டு. டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர் என்று ஒன்று எங்களிடம் இருக்கும். மேசை, நாற்காலி, பீரோ, மின்விசிறி எல்லாம் அதில் ஏறியிருக்கும். வருடம் ஒரு முறை நேரில் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தின் அறையில் பிரெஞ்சு எழுத்து வரிசை கொண்ட தட்டச்சு இயந்திரங்கள் சில இருந்தன. ஆங்கில வரிசையில் பழகி வந்தவர்களின் விரல் அதில் ஓடாது. அதனால் தொடுவாரில்லை. ஒவ்வொரு வருடமும் “உபயோகத்தில் இல்லை, நிலை நன்று” என்று பதிவாகும். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, கழித்துக் கட்டி ஏலம் விட்டார்கள். எடைக்கு எடுத்துக்கொண்டு போனான் ஒருவன். உறையைப் பிரித்தபோது பார்த்தேன், கடற்காற்று உள்ளே புகுந்து சாவிகள் எல்லாம் துருவால் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தொடாமல் வைத்ததாலேயே ஒரு பொருள் பத்திரமாக இருக்கும் என்பது இந்த ஊரில் செல்லாது.

ஆனால் அதே இயந்திரங்கள் இன்று இருந்திருந்தால்? எண்ணெய் போட்டு வைத்திருந்தால்? வெள்ளைக்காரத் தெருவில் ஏதாவது விடுதியின் வரவேற்பறையில் அலங்காரமாக வைக்க நல்ல விலைக்குக் கேட்பார்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எந்தப் பொருளும் புதிதாக இருக்கும்போது ஒரு விலை. பழசானால் பழைய இரும்பு விலை. ரொம்பப் பழசானால் மறுபடியும் விலை ஏறுகிறது. நடுவில் ஒரு பள்ளம். பெரும்பாலான சாமான்கள் அந்தப் பள்ளத்திலேயே எடைக்குப் போய்விடுகின்றன. அக்கா மாமனாரின் கத்தி பள்ளத்தைத் தாண்டி மறுகரைக்கு வந்துவிட்டது. மூன்று பேர் வருடம் தவறாமல் எண்ணெய் தடவியதால் வந்தது. அந்த எழுபது எண்ணெய்த் துணிக்கும் ஒரு மதிப்பு உண்டு. அதை ஒரு ரகுவுக்காக அழிக்கலாமா என்பதுதான் கேள்வி.

என் அபிப்பிராயம் இது. விற்பது என்று முடிவு செய்துவிட்டால் தொடக் கூடாது. தொட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் விற்கக் கூடாது. அப்படியும் இரண்டும் வேண்டுமென்றால், வித்தியாசத் தொகையை ஆசைப்பட்டவர்தான் ஏற்க வேண்டும்.

குமாஸ்தா புத்தி என்று சொல்வீர்கள். ஆமாம், அதுதான். அரசாங்கத்தில் ஒரு ரூபாய் செலவு செய்தாலும் அது எந்தக் கணக்குத் தலைப்பில் பற்று என்று எழுதியாக வேண்டும். தலைப்பு எழுதாத பில் பாஸ் ஆகாது. வீட்டில் உணர்ச்சிவசப்பட்டுச் செய்கிற செலவுகளுக்குத்தான் நாம் தலைப்பு எழுதுவதில்லை. அக்கா அந்தக் கத்தியால் வெங்காயம் நறுக்கினால் எட்டாயிரம் இரண்டாயிரமாக இறங்கலாம். குறைகிற ஆறாயிரம் யாருடையது? அக்காவுடையதா? இல்லை. அது வேலை செய்த அம்மாளுக்கென்று அக்கா சொல்லிவிட்ட பணம். ரகு நாம் சாப்பிடுவது. பில் அந்த அம்மாளுக்கு. அந்த அம்மாள் இதை வாய்விட்டுச் சொல்லப் போவதும் இல்லை. அவரே வெங்காயத்தை உரித்துத் தருவார். அதனால்தான் நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்காவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நீ கணக்குப் பாக்கறே. அவர் ஆசைன்னு ஒண்ணு இருந்துதே, அது எந்தத் தலைப்புல வரும்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நான் இரண்டு நாள் யோசித்துத்தான் பதில் சொன்னேன். பெரியவரின் ஆசை அந்தக் கத்தியால் வெட்ட வேண்டும் என்பது அல்ல. வெட்ட வேண்டுமென்றால் எந்த நாளிலும் வெட்டியிருக்கலாம். அவர் வீட்டுக் குசினி, அவர் கத்தி. அவருடைய ஆசை ஒரு கடை. வாசலில் பெயர்ப் பலகை, உள்ளே நாலு மேசை, அடுப்படியில் அவர். அந்தக் கடை வரவில்லை. நாம் இன்று அந்தக் கத்தியால் நாலு வெங்காயம் நறுக்குவதால் கடை வந்துவிடாது. நம் மனம் கொஞ்சம் ஆறும், அவ்வளவுதான். நம் மன ஆறுதலை அவர் பெயரில் எழுதக் கூடாது.

இன்னொன்று. பெரியவரின் கை எந்தக் கத்தியில் இருக்கிறது? அக்கா பிள்ளை ஞாபகத்துக்கென்று கேட்பது புதுக் கத்தியை. பழையதைத் தூக்கி எறியச் சொல்கிறான். இதில்தான் அவனோடு எனக்குச் சண்டை. பழைய கத்தியை எடுத்துப் பாருங்கள். சாணை பிடித்துப் பிடித்து அலகின் அகலம் பாதியாகிவிட்டது. பிரெஞ்சுக் கத்தியில் பிடிக்கும் அலகுக்கும் நடுவே கனமான ஓர் இரும்புக் கழுத்து இருக்கும். அது சாணைக்கல்லைத் தடுப்பதால், கழுத்துக்கு முன்னால் கருக்கு உள்வாங்கிப் பிறை மாதிரி வளைந்திருக்கும். அப்படி வளைய எத்தனை வருடத்து வேலை! பிடியில் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் படுகிற இடம் தேய்ந்து பள்ளமாக இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் நான் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவர் கை என் கையைவிடப் பெரியது. அவர் போய் முப்பது வருடம் கழித்து அவர் கையின் அளவைக் காட்டுகிற ஒரே பொருள் வியாபாரி ஐந்நூறு ரூபாய் சொன்ன அந்தக் கத்திதான். புதுக் கத்தியில் அவர் கை இல்லை. தியேர் ஊர்க்காரனின் கைதான் இருக்கிறது.

எனவே விற்க வேண்டியது புதுசு, வைத்துக்கொள்ள வேண்டியது பழசு. ரகு வைக்க ஆசையா? பழைய கத்தியால் வையுங்கள். எந்தப் பணமும் குறையாது. கறிக்கும் வெங்காயத்துக்கும் அது இன்னும் நன்றாகவே போகிறது.

சரி, தொடாமல் விற்றால் அது வாங்குகிறவன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் மறுபடியும் எழுபது வருடம் தூங்குமே என்றால், அதற்கும் வழி உண்டு. யாருக்கு விற்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. அக்காவுக்குத் தெரிந்த ஒரு பையன், சமையற்கலை படித்துவிட்டு நம் ஊரிலேயே ஓர் ஓட்டலில் வேலை பார்ப்பவன், கத்தியைப் பார்த்துவிட்டுப் போனான். எண்ணெய்த் தாளை அவன் பிரித்த விதமே வேறு. வியாபாரி எழுத்தைப் பார்த்தார். இவன் கருக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நுனியிலிருந்து கழுத்து வரை பார்த்தான். “நான் இதை வேலைக்குத்தான் எடுத்துட்டுப் போவேன் பாட்டி. ஷோகேஸ்ல வைக்க மாட்டேன். ஆறாயிரத்து ஐந்நூறுதான் என்னால முடியும்” என்று சொன்னான்.

ஆயிரத்து ஐந்நூறு குறைகிறது. அக்கா அன்று மாலையே எனக்குப் போன் செய்தார். “தம்பி, உன் கணக்குப்படியே போடு. ஆயிரத்தைந்நூறை என் பென்ஷன்ல இருந்து குடுத்துடறேன். எட்டாயிரம் அவளுக்கு முழுசா போயிடணும். முதல் வெட்டு அந்தப் பையன் வெட்டட்டும்.” எனக்கு இதைவிடச் சரியான தீர்ப்பு தெரியவில்லை. ஆசைக்கு விலை தெரிந்தது, அதை ஆசைப்பட்டவரே கொடுத்தார். பிறகு யாரும் பேச இடமில்லை. பிள்ளை பாரீஸில் முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறான். பழைய கத்தி அம்மாவோடு வருகிறது என்று சொல்லியிருக்கிறோம். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், உள்ளே போடும் பெட்டியில் அட்டை சுற்றி வையுங்கள் என்று அக்காவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

பரணில் இது போன்ற பழைய கத்தியோ கருவியோ வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். விற்கிற எண்ணம் இருந்தால் பளபளவென்று தேய்க்காதீர்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது பித்தளைக்குச் சரி, இதற்கு வேண்டாம். அலகில் ஏறிய கறுப்பு துரு அல்ல. அதுவே ஒரு காப்பு. செந்துரு இருந்தால் மட்டும் எண்ணெய்த் துணியால் மெதுவாக எடுங்கள். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அவர் தொழில் தெரியாதவர் என்று சொல்லவில்லை, ஆனால் வேகமாகச் சுற்றும் கல்லில் எஃகு சூடேறி நீலம் பாரித்தால் பதம் போய்விடும், திரும்ப வராது. தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகச் சிக்குப் பிடிக்கும். தையல் மிஷின் எண்ணெய் மேல். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்துக் கத்திக்குக் கொடுக்கும். உபயோகித்திருந்தால் உபயோகித்தது என்றே சொல்லி விற்றுவிடுங்கள். நன்றாக உபயோகித்த கத்திக்கும் வாங்குகிறவன் இருக்கிறான். பொய் சொன்ன கத்திக்குத்தான் இல்லை.

கத்தியைச் சும்மா கொடுக்கவும் வேண்டாம். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று நம் வீடுகளில் தரையில் வைத்துத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரனுக்கும் அதே பயம் உண்டு. கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுந்துவிடும் என்று, வாங்குகிறவன் பதிலுக்கு ஒரு காசாவது கொடுப்பான். காசு கொடுத்துவிட்டால் அது விற்பனை, பரிசு இல்லை. இரண்டு ஊரிலும் பெரியவர்கள் ஒரே விஷயத்தைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்: கத்தி விஷயத்தில் கணக்கு நேராக இருக்க வேண்டும்.

கடைசியாக, சேகரிப்பு, விலை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒன்று. இந்த மூன்று வாரத் தொல்லையும் ஏன் வந்தது? பொருளை வைத்திருந்தவர் அதை என்ன செய்வது என்று சொல்லாமல் போனதால். நம் வீட்டிலும் அப்படிச் சில இருக்கும்: பிரிக்காத பட்டுப்புடவை, பிள்ளை கல்யாணத்துக்கென்று வாங்கி எடுக்காத வெள்ளித் தட்டு, மூடி திறக்காத பேனா. அவற்றை இன்றே உபயோகியுங்கள் என்று நான் உபதேசம் செய்யவில்லை. சும்மா வைத்திருப்பதும் ஒருவருடைய இஷ்டம்தான். ஆனால் அது விற்பதற்கா, வைத்துக்கொள்வதற்கா, யாருக்கு என்று நாம் நடமாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்துச் சுற்றி வைத்துவிடலாம். பின்னால் வருகிறவர்கள் ஒரு வெங்காயத்துக்காக மூன்று வாரம் போனில் பேச வேண்டியிருக்காது.